மாதாவுக்குப் பின்னால் தொங்கிய முடிச்சு

எங்கள் கரையில் வருடத்தின் கடைசி இரண்டு மாதமும் கையில் காசு நிற்காது. முல்லைத்தீவுப் பக்கம் கடலோடு இருக்கிறவர்களுக்கு இது தெரியும். வாடைக்காற்று தொடங்கினால் வள்ளங்கள் மணலில் ஏறிவிடும். கடலோடு சேர்ந்த உப்புநீர்க் களப்பில் கொஞ்சம் இறால் படும். அதைக் கொண்டுதான் அடுப்பு எரிய வேண்டும். அந்த நேரம் பார்த்து யேசுபாலன் பிறந்த நத்தார் வரும். நத்தார் வாசலைத் தாண்டுமுன் பள்ளிக்கூடம் வந்து நிற்கும்.

நான் என் தம்பி வீட்டில் இருக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. தம்பிக்கும் எனக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். அவனுக்கு மனுசியும் இரண்டு பெண் பிள்ளைகளும். மனுசியை நான் மச்சாள் என்பேன், அவரும் என்னை மச்சாள் என்பார். பிள்ளைகளுக்கு நான் மாமி. காசு புழங்குவது மச்சாளின் கையில். நான் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுப்பேன். அந்தக் கூலி என் வெற்றிலைக்கும், என் சின்னச் செலவுக்கும்.

எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. யாராவது படலையைத் திறந்தால் குசினிக்குள் போய்விடுவேன். கதைக்காமல் இருக்கிறவர்கள் நல்லவர்கள் என்று ஊரில் நினைக்கிறார்கள். வாயால் கேட்டுத் தெளியாததை எல்லாம் மனதுக்குள் வைத்துக் கிண்டிக்கொண்டிருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த வருடம் சின்னவள் புலமைப்பரிசில் சோதனையில் சித்தியடைந்தாள். ஆறாம் வகுப்புக்கு வவுனியாவில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. சிஸ்டர்மார் நடத்தும் விடுதியில் தங்கிப் படிக்கலாம். தை முதல் கிழமைக்குள் விடுதிக்கு முற்பணம் கட்டி, பட்டியலில் உள்ள சாமான்களோடு பிள்ளையைக் கொண்டுபோய் விட வேண்டும். கட்டாவிட்டால் அந்தக் கட்டில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆறாம் வகுப்புக்கு இத்தனை சாமான் வேண்டுமென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பட்டியல் வந்த அன்று குசினியில் அதை வாசித்தார்கள். மூத்தவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறவள், அவள்தான் வாசித்து, வாங்க வேண்டியதை எழுதினாள். மச்சாள் இறால் உரித்துக்கொண்டிருந்தார். தம்பி வாசலில் எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தான்.

“வெள்ளைச் சட்டை ஐஞ்சு” என்றாள் மூத்தவள்.

“ஐஞ்சோ? அங்கை என்ன கிழமை முழுக்கக் கலியாண வீடோ?” என்றார் மச்சாள்.

“படுக்கை விரிப்பு ரெண்டு. நுளம்பு வலை ஒண்டு.”

“வலையெண்டால் இஞ்சை வேணுமெண்ட அளவு கிடக்கு” என்று தம்பி வாசலில் இருந்து சத்தம் போட்டான். “மாமியிட்டைச் சொன்னால் பொத்தித் தருவா.”

“அப்பா, நுளம்பு பிடிக்கிறதுக்கில்லை, நுளம்பு வராமல் இருக்க.” மூத்தவள் சிரிக்காமல் சொன்னாள். “வாளி ஒண்டு.”

“வாளி இருக்கு. எழுதாதை” என்றார் மச்சாள்.

“மூடியோடை வாளியாம்.”

“அதையும் போட்டிருக்கினமோ?”

“ஓம். எல்லாம் புதுசா இருக்கவேணுமாம். எல்லாத்திலையும் பிள்ளையின்ரை நம்பர் தைச்சிருக்க வேணுமாம்.” மூத்தவள் தாளைக் கீழே வைத்தாள். “மற்ற வீடுகளிலை மூத்ததுகளுக்குப் புதுசு, இளையதுகளுக்குப் பழசு. இஞ்சை மட்டும் மறுவளம்.”

“நீயும் சோதனை பாஸ் பண்ணியிருந்தால் உனக்கும் புதுசு வந்திருக்கும்” என்றாள் சின்னவள்.

“எடியே, வாயை மூடு” என்றார் மச்சாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, எதை எதை நிற்பாட்டுவது என்று சொல்லத் தொடங்கினார். பால்மா நிற்பாட்டு. சீனிக்குப் பதில் பனங்கட்டிக் கடி. நத்தார் கேக் இல்லை, பயத்தம் பணியாரம் மட்டும். மூத்தவளுக்கு மூன்று பாடத்துக்கு ரியூசன் போனது, இனி கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும். அவளுடைய சப்பாத்து போன வருடத்தது, நுனியில் பஞ்சை எடுத்தால் இன்னும் ஒரு வருடம் போடலாம். தம்பியின் பீடி பாதி.

“பாதி பீடியை எப்பிடிப் பத்திறது?” என்று கேட்டான் தம்பி.

“மற்றப் பாதியைப் பத்தாமல் விட்டால் சரி.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மச்சாள் என் வெற்றிலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எல்லாரிலும் வெட்டியவர் என் பக்கம் பார்த்தார், பார்த்துவிட்டு அடுத்த சாமானுக்குப் போனார். அது என் கூலியில் வாங்குவது, அவர் எப்படி வெட்டுவார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படித் தோன்றவில்லை. என்னிடம் வேறு எதையோ எடுக்க நினைத்திருக்கிறார், அதனால்தான் இதை விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

என்னிடம் எடுக்க என்ன இருந்தது? ஒன்றே ஒன்று இருந்தது.

அதற்கு முந்தின மாரியில் தம்பிக்கு எலிக்காய்ச்சல் வந்தது. களப்புத் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு அது வரும். ஒன்பது நாள் ஆசுப்பத்திரியில் கிடந்தான், கண் மஞ்சளாகிச் சலம் கறுத்துவிட்டது. நான் மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். அவன் நடந்து வீட்டுக்கு வந்தால் ஆவணித் திருவிழாவுக்கு என் வலைக்கூலியில் ஒரு தொகை கொண்டு வந்து வைப்பேன் என்று. அவன் வந்தான். அந்த ஆவணிக்குத் தொகை நிரம்பவில்லை. ஐப்பசியில்தான் நிரம்பியது. என் பழைய சீலைத் துண்டில் காசை வைத்து முடிந்து, வீட்டில் இருக்கும் மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டேன். அடுத்த திருவிழாவுக்குக் கொண்டுபோகலாம் என்று.

நேர்த்திக் காசை முடிந்தால் அதைப் பிறகு அவிழ்க்கக் கூடாது. பீடத்தில் வைத்த பிறகு கோயில் ஆட்கள்தான் அவிழ்க்க வேண்டும். இடையில் அவிழ்த்தால் நேர்த்தி முறிந்ததற்குச் சமம் என்று எங்கள் அம்மா சொல்லுவா. எங்கள் கரையில் பட்டினி கிடக்கிற வீட்டிலும் அந்த முடிச்சில் கை வைக்க மாட்டார்கள்.

நத்தாருக்கு மூன்று கிழமை இருக்கும்போது சுரூபத்தட்டைத் தூசி தட்டினேன். முடிச்சைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அது என் முடிச்சு இல்லை. நாற்பது வருடம் வலை பொத்தியவளுக்குத் தன் கை தெரியும். நான் முடிந்தால் வால் இடப்பக்கம் உள்ளே போகும், இழுத்தால் இன்னும் இறுகும். இது வால் வலப்பக்கம் வெளியே நின்றது, சந்தையில் பை கட்டுகிற மாதிரி.

மெல்ல அமத்திப் பார்த்தேன். நான் கட்டியதைவிடப் பொட்டலம் தடிப்பாக இருந்தது. உள்ளே கடதாசி சரசரத்தது. காசுத்தாள் அப்படிச் சரசரக்காது. பழைய தாள்கள் துணி மாதிரிக் கிடக்கும். இது நல்ல தடித்த கடதாசியின் சத்தம்.

யாரோ காசை எடுத்துவிட்டு, எனக்குத் தெரியாமல் இருக்கக் கடதாசியை மடித்து வைத்திருக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

அவிழ்த்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அவிழ்க்கக் கூடாது. கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு வராது.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஒவ்வொருவரும் எப்படி முடிச்சுப் போடுகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். தம்பியிடம் கோதுமை மாப் பையைக் கொடுத்து, “கை வலிக்குது, இதை ஒருக்கால் கட்டு” என்றேன். வால் இடப்பக்கம் உள்ளே போனது. அவனுக்குப் பழக்கியது நான்தானே. மூத்தவளின் சப்பாத்து நாடாவைப் பார்த்தேன், இரண்டு காது வைத்த பூ முடிச்சு. சின்னவளுக்கு இன்னும் ஒழுங்காகக் கட்ட வராது. கடைசியாக, மச்சாள் கருவாட்டுப் பைகளைக் கட்டி அடுக்கி வைத்திருந்த மூலைக்குப் போனேன். பத்துப் பை இருந்தன. பத்திலும் வால் வலப்பக்கம் வெளியே நின்றது.

அன்றிலிருந்து மச்சாள் செய்வதெல்லாம் எனக்குக் கள்ளமாகவே தெரிந்தது. சீனி வாங்கக் காசில்லை என்கிறவர் மூடியோடு வாளி வாங்கி வந்தார். “எங்காலை?” என்று தம்பி கேட்டதற்கு, “கருவாடு வித்த காசு” என்றார். நான் பைகளை எண்ணி வைத்திருந்தேன். இரண்டு பைதான் குறைந்திருந்தது. இரண்டு பை கருவாட்டுக்கு வாளி வருமா?

பிறகு ஆடு. எங்களிடம் இரண்டு மறி ஆடு நின்றன. ஒரு நாள் பார்த்தால் ஒன்று இல்லை.

“மற்றது எங்கை?” என்று தம்பி கேட்டான்.

“அம்மா வீட்டிலை கிடாய்க்கு விட்டிருக்கு” என்றார் மச்சாள்.

ஆட்டைக் கிடாய்க்கு விட்டால் மூன்று, நாலு நாளில் பிடித்து வருவார்கள். ஒரு கிழமை போனது, பத்து நாளும் போனது. மச்சாள் ஆட்டைப் பற்றிக் கதைக்கவே இல்லை. தம்பி மறந்தே போனான். நான் மறக்கவில்லை. என் காசையும் எடுத்து, ஆட்டையும் எங்கோ அனுப்பி, இந்த மனுசி தாய் வீட்டுக்கு ஏதோ கடத்துகிறார் என்று நினைத்தேன். சாப்பாடு போட்டுத் தரும்போது அவருடைய கையைப் பார்ப்பேன். “என்ன மச்சாள், உப்பு காணாதோ?” என்று கேட்பார். “காணும்” என்பேன்.

யாரிடம் சொல்வது? தம்பியிடம் சொன்னால் வீடு இரண்டாகும். மச்சாளிடம் கேட்க நாக்கு எழும்பாது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதைக் கண்டுபிடித்தபோது என்னைப் போல் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்தேன்.

எங்கள் கோயிலில் மாதாவின் காலடியில் ஒரு நேர்த்திப் பெட்டி இருக்கிறது, வாய் அகலமானது. திருவிழா வரை காத்திருக்க முடியாதவர்கள் முடிச்சை அப்படியே அதில் போடலாம். கூடவே எந்த வீடு, என்ன நேர்த்தி என்று ஒரு துண்டு எழுதிப் போட வேண்டும். வருடம் முடிகிற அன்று சுவாமியும், கோயில் சாவி வைத்திருக்கும் மூப்பரும், சபை ஆட்கள் இரண்டு பேரும் இருந்து பெட்டியைத் திறப்பார்கள். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, துண்டை வாசித்து எழுதுவார்கள். எங்கள் வீட்டுத் துண்டோடு வெறும் கடதாசி வந்தால் என்ன நடக்கும்? மூப்பர் சும்மா இருக்க மாட்டார், வீட்டுக்கு வந்து கேட்பார். எல்லாருக்கும் முன்னால் கேட்பார். அப்போது மச்சாளின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். நான் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.

நத்தாருக்கு முந்தின ஞாயிறு பூசைக்குப் பிறகு, ஆட்கள் வெளியே போகும் வரை முழங்காலில் இருந்தேன். பிறகு சட்டைக்குள் வைத்திருந்த முடிச்சையும் துண்டையும் பெட்டிக்குள் போட்டேன். மாதாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நத்தார் வந்தது. பயத்தம் பணியாரம் சாப்பிட்டோம். பிள்ளைகள் பழைய சட்டையோடு பூசைக்குப் போனார்கள். நான் வருடக் கடைசியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நத்தார் முடிந்து மூன்றாம் நாள் காலை, மச்சாள் வெளிக்கிட்டு நின்றார். சின்னவளின் சாமான் வாங்க ரவுணுக்குப் போவதாகச் சொன்னார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சுரூபத்தட்டில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பிறகு மச்சாளின் குரல் வந்தது. அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை.

“இஞ்சருங்கோ! இதுக்குப் பின்னாலை கிடந்த முடிச்சு எங்கை?”

“எந்த முடிச்சு?” தம்பி பாயில் இருந்து எழும்பினான்.

“நேர்த்தி முடிச்சு. எடுத்தனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ. ஆரும் வந்து கேட்டவையோ? ஆருக்குக் குடுத்தனீங்கள்?”

“உமக்கு விசரோ? நேர்த்திக் காசிலை நான் கை வைப்பனோ? என்ரை உயிருக்கு வைச்ச நேர்த்தியெல்லோ அது!”

“நீங்கள் கை வைக்க மாட்டியள் எண்டுதானே அதுக்குள்ளை வைச்சனான்!” என்றார் மச்சாள். சொல்லிவிட்டுத் தட்டின் கீழே அப்படியே இருந்துவிட்டார்.

“எதை வைச்சனீர்?”

“பிள்ளையின்ரை விடுதிக் காசை.”

தேங்காய்ப் பாதி என் கையில் இருந்து நழுவித் துருவலுக்குள் விழுந்தது.

தம்பி கெட்டவன் இல்லை. ஆனால் அவன் கை இளகின கை. யாராவது வந்து “அண்ணை, எஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்கோணும், வாற கிழமை தாறன்” என்றால் போதும். அலுமாரியில் சீலைக்குக் கீழே, அரிசிப் பேணிக்குள், தேயிலைத் தகரத்துக்குள் என்று மச்சாள் எங்கே வைத்தாலும் கண்டுபிடித்து எடுத்துக் கொடுப்பான். வாற கிழமை வரவே வராது. இந்தக் கரையில் ஒரு கடல்காரன் கை வைக்காத இடம் ஒன்றுதான் இருக்கிறது என்று மச்சாள் நினைத்திருக்கிறார். அவிழ்த்ததற்கு மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு, பிள்ளையின் படிப்புக்கு என்று சொல்லி, என் காசோடு தன் காசையும் வைத்துத் திரும்ப முடிந்திருக்கிறார். என்னிடம் சொன்னால் நான் மனம் நொந்து நேர்த்தி முறிந்தது என்று அழுவேன் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்.

இதெல்லாம் அவர் அழுதழுது தம்பிக்குச் சொன்னது. நான் குசினி வாசலில் நின்று கேட்டேன். பிறகு முன்னே வந்தேன்.

“நான்தான். கோயில் பெட்டிக்குள்ளை போட்டிட்டன்.”

“ஏன் மச்சாள்?” என்றார் மச்சாள். “திருவிழா ஆவணியிலையெல்லோ?”

“சும்மா. போட்டிடுவம் எண்டு நினைச்சன்.”

பொய் சொல்ல எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. மச்சாள் அதை நம்பினார். என் கையைப் பிடித்து, “உங்களிலை பிழையில்லை, நான் சொல்லாமல் விட்டது பிழை” என்றுகூடச் சொன்னார். அந்தக் கை என் கையில் இருந்த நேரம் மாதிரி ஒரு நேரம் எனக்கு இனி வரக் கூடாது.

சுவாமியிடம் தம்பி போய்க் கேட்டான். பெட்டியை இடையில் திறக்க முடியாது, வருடக் கடைசிக்கு வீட்டு ஆட்கள் வந்து சொல்லட்டும், சபை இருந்து முடிவு எடுக்கும் என்று சொல்லி அனுப்பினார். விடுதிக்குக் கட்டும் நாளுக்கு அதற்குப் பிறகு மூன்று நாள்தான் இருந்தது.

வருடக் கடைசி நாள் பின்னேரம் கோயிலின் பக்க அறைக்கு நானும் மச்சாளும் போனோம். தம்பியைக் களப்புக்குப் போகச் சொல்லிவிட்டோம், அவன் கோபத்தில் ஏதாவது சொல்லுவான் என்று. மேசையில் முடிச்சுகள் கிடந்தன. சுவாமி இளம் ஆள், அந்த வருடம்தான் எங்கள் பங்குக்கு வந்தவர். பக்கத்தில் மூப்பர், வேறு இரண்டு ஆம்பிளைகள். மச்சாள் தலையில் முக்காட்டோடு கதவடியில் நின்றார். எனக்கு ஒரு கதிரை தந்தார்கள். நான் இருக்கவில்லை.

மச்சாள் நடந்ததைச் சொன்னார். மூப்பர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“பிள்ளை, உம்மை நான் குற்றம் சொல்லேல்லை. ஆனால் பெட்டிக்குள்ளை விழுந்தது மாதாவின்ரை. இண்டைக்கு உமக்குத் திருப்பித் தந்தால், நாளைக்கு ஊரிலை ஒவ்வொருத்தரும் வந்து, அதுக்குள்ளை என்ரை காசும் கிடந்தது எண்டு நிப்பினம். நான் என்ன செய்யிறது?”

அவர் சொன்னது பிழை இல்லை. மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அதில் ஒருவர், “நத்தாருக்குச் செலவழிச்சுப் போட்டு இப்ப மாதாவிட்டை வாங்கப் பாக்கினமோ தெரியாது” என்று மற்றவரிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது. மச்சாளுக்கும் கேட்டிருக்கும்.

சுவாமி என்னைப் பார்த்தார். “அம்மா, திருவிழாவுக்கு இன்னும் எட்டு மாதம் கிடக்கு. ஏன் இப்ப கொண்டுவந்து போட்டனீங்கள்?”

சும்மா என்று இன்னொரு தடவை சொல்லலாம். சொன்னால் அது மனம் உவந்து கொடுத்த காணிக்கை ஆகிவிடும், மூப்பர் சொன்னது சரியாகிவிடும், காசு மேசையிலேயே நிற்கும். சின்னவளின் கட்டில் வேறு பிள்ளைக்குப் போகும். இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த அறையில் நாலு ஆம்பிளைகள் இருந்தார்கள். எனக்குப் பின்னால் மச்சாள் நின்றார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் திரைக்குப் பின்னால் இருந்து சொல்வதற்கே எனக்கு வராது.

“நான் குடுக்கிறதுக்குப் போடேல்லை சுவாமி” என்றேன்.

“பின்னை?”

“அதுக்குள்ளை காசு இல்லை எண்டு நினைச்சுத்தான் போட்டனான். கடதாசி எண்டு நினைச்சன். மச்சாள் என்ரை காசை எடுத்துப்போட்டுக் கடதாசி வைச்சிருக்கிறா எண்டு. நீங்கள் எல்லாரும் அவிழ்ப்பியள். அவிழ்த்தால் அவா பிடிபடுவா. அதுக்குத்தான்.”

மூப்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மச்சாள் நின்ற பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவாமி முடிச்சுகளைப் பார்த்தபடி, “மாதாவுக்குத் தராத காசை மாதா வைச்சிருக்க மாட்டா” என்றார். “என்ன மூப்பர்?”

“அவா வாயாலை சொன்ன பிறகு நான் என்னத்தைச் சொல்ல?” என்றார் மூப்பர்.

கண்ணாடியைத் திரும்பப் போட்டு, துண்டைப் பார்த்து எங்கள் முடிச்சை எடுத்து அவரே அவிழ்த்தார். என் காசு ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. அதன் மேல், விடுதிப் பட்டியல் தாளில் சுற்றி மச்சாளின் காசு இருந்தது. சரசரத்தது அந்தத் தாள்தான். மச்சாள் மறந்துவிடாமல் இருக்க இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கிறார். மூப்பர் தாளை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழே வாசித்தார். “இவ்வளவும் ஒரு சின்னப் பிள்ளைக்கோ?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, காசை அதே தாளில் சுற்றி மச்சாளிடம் நீட்டினார். என்னுடையதை என்ன செய்வது என்று சுவாமி கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

திரும்பி வரும்போது மச்சாள் எனக்கு முன்னால் நடந்தார். வழக்கமாக மழைத்தண்ணீர் நிற்கும் இடங்களில் நின்று என் கையைப் பிடிப்பார். அன்று நிற்கவில்லை. நான் சீலையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கடந்தேன். கரையோர மீன் வாடிகளைத் தாண்டி வீட்டுப் படலைக்கு வந்ததும் திரும்பாமலே ஒன்று சொன்னார்:

“ஆட்டை வித்தது, மச்சாள். கிடாய்க்கு விடேல்லை. அதையும் யோசிச்சுக்கொண்டு இருந்திருப்பியள்.”

நான் படலையைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் போனேன்.

சின்னவள் தை முதல் கிழமை விடுதிக்குப் போனாள். மூத்தவளும் நானும் இருந்து ஒவ்வொரு சட்டையிலும் நம்பரைத் தைத்தோம். பஸ் ஏறும்போது சின்னவள் மாமி என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். நடந்தது பிள்ளைகளுக்குத் தெரியாது. மச்சாள் அவர்களுக்கும் சொல்லவில்லை, தம்பிக்கும் சொல்லவில்லை. சுவாமி இரக்கப்பட்டுத் தந்தார் என்று மட்டும் தம்பியிடம் சொன்னார்.

என்னை ஏசியிருந்தால் நல்லது. இரண்டு நாள் சாப்பாடு போடாமல் விட்டிருந்தால் அதைவிட நல்லது. மச்சாள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. புதிதாக ஒரு பழக்கத்தை மட்டும் தொடங்கினார். தம்பி இறால் விற்ற காசைக் கொண்டுவந்து கொடுத்ததும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயை விரித்து எனக்கு முன்னால் இருப்பார். தாளைத் தாளாக எண்ணுவார். வாய்விட்டு எண்ணுவார். இது விடுதிக்கு, இது மூத்தவளின் ரியூசனுக்கு, இது மண்ணெண்ணெய்க்கு என்று பிரித்து வைப்பார். எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை என் கையில் தருவார்.

“பாத்துக்கொள்ளுங்கோ மச்சாள்” என்பார் ஒவ்வொரு முறையும்.

தம்பிக்கு இது பகிடி. “ரெண்டு பேரும் பாங்க் திறந்திட்டினம்” என்று ஆட்களிடம் சொல்லித் திரிகிறான். இப்போது யாராவது எஞ்சினுக்குச் சாமான் கேட்டு வந்தால், “சாவி அக்காவிட்டை, அவாவிட்டைக் கேளுங்கோ” என்கிறான். என்னிடம் கேட்க யாரும் வருவதில்லை. அந்த விதத்தில் காசு நிற்கிறது.

எனக்குத்தான் அந்த நேரம் இருப்புக் கொள்ளாது. எண்ணும்போது பார்த்தால், இன்னும் நம்பவில்லை என்றாகும். பார்க்காமல் வேறு பக்கம் திரும்பினால், எனக்காகத்தானே எண்ணுகிறார், அவரை அவமதித்த மாதிரி. நான் பாயின் ஓலையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஆனாலும் கண் போகும்.

போன மாதம் ஒரு நாள் எண்ணிக்கொண்டு போனவர் இரண்டு தாளை ஒன்றாக எண்ணினார். ஈரம் பட்டு ஒட்டியிருந்தன. எனக்குத் தெரிந்தது. சொன்னால் கண் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் பிறகு காசு கூடி வரும், ஏன் கூடியது என்று அவர் யோசிப்பார், யாரைப் பற்றி என்ன யோசிப்பாரோ. அவர் விடுதிப் பங்குக்கு வந்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன்.

“மச்சாள், ரெண்டு ஒட்டிக்கொண்டு கிடக்கு.”

அவர் எண்ணுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். விரல் நுனியை நாக்கில் தொட்டுத் தாளைப் பிரித்தார்.

“கண் நல்லாத்தான் தெரியுது உங்களுக்கு” என்றார்.

பகிடிக்குச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். பிடிபடவில்லை. அவர் எல்லாத் தாளையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்து, திரும்ப முதலில் இருந்து எண்ணத் தொடங்கினார். இந்த முறை மெதுவாக, ஒவ்வொன்றாக என் பக்கம் திருப்பி.